ஒதுக்கப்பட்ட நான்காமவர்



1962-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 16-ஆம் தேதி, வியாழக்கிழமை. இங்கிலாந்து தேசத்தின் துறைமுக நகரமாகிய லிவர்பூலில், ஒரு வணிகரின் அலுவலகத்துக்கு இருபது வயது வாலிபர் ஒருவர் அழைக்கப்பட்டார். அவர் டிரம்ஸ் வாசிப்பவர். அழைத்தவர் அவருடைய இசைக்குழுவின் மேலாளர். வரப்போகும் நிகழ்ச்சிகளைப் பற்றிப் பேசவே அழைத்திருக்கிறார் என்று எண்ணிச் சென்ற அந்த வாலிபருக்கு, மேலாளர் தயங்கித் தயங்கிச் சொன்ன செய்தி வேறு. குழுவிலுள்ள மற்ற மூவரும் இனி அவர் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார்கள். அவருடைய இடத்துக்கு வேறொருவர் சனிக்கிழமையே வந்துவிடுவார். இரண்டு ஆண்டுகள் ஒரே அறையில் படுத்து, ஒரே உணவைப் பகிர்ந்துண்ட அந்த மூன்று நண்பர்களில் ஒருவர்கூட அந்த அறையில் இல்லை.

அந்த மேலாளரின் பெயர் பிரையன் எப்ஸ்டீன். அந்த மூவர் ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன். அந்தக் குழுவின் பெயர் பீட்டில்ஸ். வெளியேற்றப்பட்ட வாலிபரின் பெயர் பீட் பெஸ்ட்.

ஆவிக்குரிய குடும்பப் பத்திரிகையில் ராக் இசைக்குழுவுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். 1966-ஆம் ஆண்டில் தாங்கள் இயேசுவைக் காட்டிலும் பிரபலமாகிவிட்டதாக லெனன் கூறிய வார்த்தை, உலகெங்குமுள்ள விசுவாசிகளின் உள்ளத்தைப் புண்படுத்தியதை மூத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அந்தக் குழுவின் புகழைப் பாடுவதற்காக இக்கட்டுரை எழுதப்படவில்லை. அந்தப் புகழின் வாசலில் நின்று, உள்ளே நுழையுமுன் வெளியே தள்ளப்பட்ட ஒரு மனிதரை நினைவுகூரவே எழுதுகிறோம். ஏனெனில் அவருக்கு நேர்ந்தது நம்மில் அநேகருக்கு நேர்ந்திருக்கிறது. பணியிடத்தில் நேர்ந்திருக்கிறது. சொல்லவே துக்கமாயிருந்தாலும், சபையிலும் நேர்ந்திருக்கிறது.

மதராஸில் பிறந்தவர்

பீட் பெஸ்ட் பிறந்த ஊர் எது தெரியுமா? நம்முடைய மதராஸ். 1941-ஆம் ஆண்டு நவம்பர் 24-ஆம் தேதி அவர் அங்கே பிறந்தார். தாயார் மோனா டெல்லியில் பிறந்தவர். தகப்பனார் கப்பல் பொறியாளர். இரண்டாம் உலகப் போரின் காலத்தில் உயிரிழந்தார். கைக்குழந்தையோடு விதவையான மோனா, பின்பு ஜானி பெஸ்ட் என்னும் ராணுவ அதிகாரியை 1944-ஆம் ஆண்டில் பம்பாயிலுள்ள புனித தோமா பேராலயத்தில் மணந்தார். கோட்டைப் பகுதியில் சர்ச்கேட் ரயில் நிலையத்துக்குச் சற்றுத் தொலைவில் இன்றும் நிற்கும் அந்தப் பழைய ஆலயத்தை, மும்பையில் வசிக்கும் நம் வாசகர்களில் பலர் வேலைக்குப் போகும் வழியில் கண்டிருப்பார்கள்.

போர் முடிந்த 1945-ஆம் ஆண்டில் அந்தக் குடும்பம் ஜார்ஜிக் என்னும் படைக்கப்பலில் ஏறி, ஏறக்குறைய நான்கு வாரப் பயணத்துக்குப்பின் லிவர்பூலைச் சென்றடைந்தது. பிறந்த மண்ணை விட்டு, அறியாத நகரத்தில், பனியிலும் குளிரிலும் புதிதாக வாழ்வைத் தொடங்குவது எத்தகையது என்பதை, திருநெல்வேலியிலும் விழுப்புரத்திலும் சேலத்திலும் இருந்து தொலைதூர நகரங்களுக்கு வந்து குடியேறிய நமக்கு விளக்கிச் சொல்லவேண்டியதில்லை.

மோனா துணிவுள்ள பெண்மணி. லிவர்பூலின் வெஸ்ட் டெர்பி பகுதியில், ஹேமன்ஸ் கிரீன் தெருவில் இருந்த அவர்களுடைய பெரிய வீட்டின் நிலவறையைச் சுத்தம் செய்து, வாலிபர் கூடும் ஒரு காப்பி மன்றமாக மாற்றினார். காஸ்பா என்று அதற்குப் பெயர். 1959-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29-ஆம் தேதி அது திறக்கப்பட்டபோது, அங்கே வாசித்தது லெனனும் மெக்கார்ட்னியும் ஹாரிசனும் இருந்த குழு. அப்போது அவர்களுக்கு பீட்டில்ஸ் என்ற பெயர்கூட இல்லை. மேடையின்றி அலைந்த அந்தப் பையன்களுக்கு இடம் கொடுத்தவர்களில் பீட்டின் தாயாரும் ஒருவர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு ஆண்டுகள்

பீட் படிப்பில் கெட்டிக்காரர். பள்ளி இறுதித் தேர்வில் ஐந்து பாடங்களில் தேறி, ஆசிரியர் பயிற்சிக்குச் செல்லலாம் என்று எண்ணியிருந்தார். 1960-ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஜெர்மனி தேசத்தின் ஹாம்பர்க் நகரத்தில் வாசிக்க அந்தக் குழுவுக்கு அழைப்பு வந்தது. ஆனால் டிரம்ஸ் வாசிக்க ஆள் இல்லை. பீட்டிடம் சொந்தமாக டிரம்ஸ் இருந்தது, வாசிக்கவும் தெரியும். அவசரமாக அவரைச் சோதித்துப் பார்த்துச் சேர்த்துக்கொண்டார்கள். சில நாட்களிலேயே புறப்பட்டார்கள்.

ஹாம்பர்க் வாழ்க்கை ஆடம்பரமானது அன்று. ஒரு பழைய திரையரங்கின் பின்புறத்தில், கழிப்பறைக்கு அருகே, ஜன்னலில்லாத சாமான் அறைகளில் படுத்துறங்கினார்கள். இரவுதோறும் மணிக்கணக்காக வாசித்தார்கள். அந்தப் பகுதி பாவத்துக்குப் பேர்போனது. அங்கே இளைஞர்கள் கற்றுக்கொண்டவை எல்லாம் நல்லவை என்று எவரும் சொல்லமாட்டார்கள். ஆனாலும் ஒரு குழு குழுவாக உருவானது அங்கேதான் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். 1960, 1961, 1962 என மூன்று முறையும் அந்த ஹாம்பர்க் பயணங்களில் டிரம்ஸின் பின்னால் அமர்ந்திருந்தவர் பீட் பெஸ்ட். ஊரில் இருக்கும்போது நிகழ்ச்சிகளுக்கு நாள் குறித்து, கூலி பேசி, ஒழுங்கு செய்ததிலும் அவருக்கும் அவர் தாயாருக்கும் பெரும் பங்கு உண்டு.

1962-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி, லண்டனில் டெக்கா நிறுவனம் அவர்களைச் சோதித்துப் பார்த்து நிராகரித்தது. ஜூன் 6-ஆம் தேதி இ.எம்.ஐ. நிறுவனத்தில் ஜார்ஜ் மார்ட்டின் என்னும் தயாரிப்பாளர் அவர்களுடைய இசையைப் பதிவு செய்தார். ஒலிப்பதிவுக்கு மட்டும் அனுபவமுள்ள வேறொரு டிரம்ஸ் கலைஞரைப் பயன்படுத்த விரும்புவதாக அவர் சொன்னார். பீட்டைக் குழுவிலிருந்தே நீக்கவேண்டும் என்று தாம் கேட்கவில்லை என்று பிற்காலத்தில் அவர் விளக்கினார். ஆனால் அந்தச் சொல் மற்றவர்களின் மனதிலிருந்த எண்ணத்துக்குக் காரணமாக அமைந்தது. அதன்பின் வந்ததுதான் நாம் தொடக்கத்தில் கண்ட அந்த ஆகஸ்ட் 16. ஹாம்பர்க்குக்குப் புறப்பட்டுச் சரியாக இரண்டு ஆண்டுகள்.

காரணம் என்ன? வாசிப்பு போதாது என்றார் சிலர். அதிகம் பேசாதவர், மற்ற மூவரோடு ஒட்டாதவர் என்றார் சிலர். ரசிகர்கள் அவரையே அதிகம் விரும்பியதால் பொறாமை என்றும் ஒரு பேச்சு இருந்தது. இவற்றுள் எது முதன்மையானது என்பதில் இன்றளவும் எழுதுகிறவர்கள் ஒத்துப்போவதில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். அவருக்குப் பதிலாக வந்த ரிங்கோ ஸ்டாரும், செப்டம்பர் 11-ஆம் தேதி நடந்த ஒலிப்பதிவில் ஒதுக்கப்பட்டு, வேறொரு கலைஞரே டிரம்ஸ் வாசித்தார். ஆனாலும் ரிங்கோ குழுவில் நீடித்தார். ஒருவருக்குக் கிடைத்த பொறுமை மற்றவருக்குக் கிடைக்கவில்லை. உலகத்தின் தராசு இப்படித்தான் இருக்கிறது.

அன்றைய தினம் பீட்டை அந்த அலுவலகத்துக்குக் காரில் அழைத்துவந்தவர் நீல் ஆஸ்பினால். அவர் பீட்டின் நெருங்கிய நண்பர். குழுவின் வண்டியை ஓட்டுபவரும் அவரே. செய்தியைக் கேட்டு மனம் கொதித்த அவர், தாமும் வேலையை விட்டுவிடுவதாகச் சொன்னார். பீட் அவரைத் தடுத்தார். இந்தக் குழு பெரிய நிலைக்கு வரப்போகிறது, நீ இருந்துவிடு என்றார். நெஞ்சில் காயம் ஆறாத அந்த நேரத்திலேயே நண்பனின் எதிர்காலத்தை நினைத்த அந்த உள்ளத்தை எண்ணிப்பாருங்கள். நீல் அவ்வாறே இருந்து, பின்னாளில் பீட்டில்ஸ் குழுவின் நிறுவனமாகிய ஆப்பிளுக்குத் தலைவராகி, 2007 வரை அதை நடத்தினார்.

அடி ஆழத்தில்

1962 அக்டோபரில் அந்தக் குழுவின் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. 1964-இல் அமெரிக்கா அவர்களுடைய காலடியில் இருந்தது. வானொலியைத் திருப்பினால் அவர்கள். செய்தித்தாளை விரித்தால் அவர்கள். தன்னைத் தள்ளிவிட்டவர்களின் குரலிலிருந்து தப்பிச்செல்ல இடமே இல்லாத நிலை பீட்டுக்கு. சொந்தமாகக் குழு அமைத்துப் பார்த்தார். அமெரிக்காவுக்கும் சென்று வாசித்தார். பலன் கிடைக்கவில்லை. இதற்கிடையில் 1965-இல் அமெரிக்க இதழ் ஒன்றில் வெளிவந்த பேட்டியில், அவர் உடல்நலம் கெட மாத்திரை விழுங்கியவர் என்ற பொருளில் ஒரு வார்த்தை அச்சானது. அவர் மானநஷ்ட வழக்குத் தொடுத்தார். அது நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமாக முடிந்தது. வேலை போனது மட்டுமன்று, பெயரும் கெட்டது.

அந்த ஆண்டுகளில் ஒருநாள், மனம் உடைந்து, தம் உயிரையே மாய்த்துக்கொள்ளத் துணிந்தார். தாயார் மோனாவும் தம்பி ரோரியும் உரிய நேரத்தில் வந்து அவரைக் காப்பாற்றினார்கள். காப்பாற்றியதோடு விட்டுவிடவில்லை, அவரருகே அமர்ந்து பேசினார்கள். இதை அவரே பிற்காலத்தில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்.

இங்கே சற்று நிற்போம். நம் குடும்பங்களில் இதைப் பற்றிப் பேசுவதற்கு நாம் கூசுகிறோம். விசுவாசிக்கு மனச்சோர்வு வரலாமா என்று கேட்டு வாயை அடைத்துவிடுகிறோம். சூரைச்செடியின்கீழ் படுத்து, தன் பிராணனை எடுத்துக்கொள்ளும்படி கேட்ட எலியாவுக்கு, தேவன் முதலாவது கொடுத்தது கடிந்துகொள்ளுதல் அன்று. அப்பமும் தண்ணீரும் உறக்கமும்தான். உங்கள் வீட்டில் வேலையிழந்து, பேச்சைக் குறைத்து, தனியே அமர்ந்திருக்கும் ஒருவர் இருந்தால், ஜெபிப்பதோடு அவரருகே அமருங்கள். பேசவிடுங்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்வது விசுவாசக் குறைவு ஆகாது. மத்திய அரசின் டெலி மானஸ் என்னும் மனநல உதவி எண் 14416. இலவசமாக எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசுவார்கள். அந்த எண்ணை உங்கள் வேதாகமத்தின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

ரொட்டி வண்டியும் வேலைவாய்ப்பு அலுவலகமும்

1968-ஆம் ஆண்டில் பீட் பெஸ்ட் இசையை விட்டார். அவருக்கு மனைவி இருந்தார், குடும்பம் இருந்தது, வயிற்றுப்பாடு இருந்தது. விநியோக வண்டிகளில் ரொட்டி ஏற்றும் வேலைக்குச் சென்றார். வாரம் 8 பவுண்டு கூலி. அதே 1968-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அவருடைய பழைய நண்பர்கள் மன அமைதியைத் தேடி நம் தேசத்தின் ரிஷிகேசத்துக்கு வந்து ஒரு குருவின் ஆசிரமத்தில் தங்கியிருந்தார்கள். உலகமே அவர்கள் கையில் இருந்தும் சமாதானம் இல்லை. மதராஸில் பிறந்தவரோ லிவர்பூலின் குளிரில் ரொட்டி சுமந்துகொண்டிருந்தார்.

அந்த ரொட்டி வண்டியிலிருந்து அவரைத் தூக்கிவிட்டது எது? அவர் பழைய புகழ் அன்று. பள்ளியில் தேறிய அந்த ஐந்து பாடங்களே. அந்தச் சான்றிதழ்களைக்கொண்டு அவர் அரசு ஊழியரானார். லிவர்பூலின் கார்ஸ்டன் பகுதியில் இருந்த வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பணியேற்றார். ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அந்தத் துறையில் உழைத்து, இங்கிலாந்தின் வடமேற்குப் பகுதிக்குப் பயிற்சி மேலாளராக உயர்ந்தார்.

வாலிபரே, இதைக் கவனியுங்கள். பாட்டு, இசை, மேடை என்று வரங்கள் இருக்கலாம், அவை நல்லவையே. ஆனால் எடுத்த படிப்பை முடித்துவிடுங்கள். பெற்றோர் கட்டட வேலையிலும் தையல் கூடத்திலும் இட்லி வியாபாரத்திலும் வியர்வை சிந்தி உங்களைப் படிக்கவைக்கிறார்கள். மேடை கைவிடும் நாளில் அந்தச் சான்றிதழ் உங்களைத் தாங்கக்கூடும்.

அந்த வேலையின் தன்மையையும் எண்ணிப்பாருங்கள். 1970-களிலும் 1980-களிலும் லிவர்பூல் துறைமுகம் நலிந்தது. தொழிற்சாலைகள் மூடப்பட்டன. வாழ்நாள் முழுவதும் ஒரே தொழிலைச் செய்து பழகிய ஆண்கள், எந்த வேலையானாலும் கொடுங்கள் என்று கெஞ்சிக்கொண்டு அந்த அலுவலகத்துக்கு வந்தார்கள். மேசைக்கு இப்புறம் அமர்ந்து அவர்களுக்குச் செவிகொடுத்தவர் யார்? உலகத்திலேயே மிகப் பிரபலமான வேலைநீக்கத்தை அனுபவித்த மனிதர். இனி நீ வேண்டாம் என்ற சொல்லின் கசப்பை அவர்களைப்போலவே அறிந்தவர். கையில் கொடுக்க வேலை இல்லாதபோது, வேறொரு தொழிலைக் கற்றுக்கொள்ளும் வழியையாவது அவர்களுக்குக் காட்டவேண்டிய பொறுப்பு அவருடையது. முன்பு செய்ததை மறந்து புதிதாகக் கற்றுக்கொள்வது அந்த மனிதர்களுக்கு எவ்வளவு வேதனையானது என்பதை அவர் பின்னர் நினைவுகூர்ந்திருக்கிறார்.

பீட் பெஸ்ட்டை ஒரு விசுவாச வீரராகக் காட்டவேண்டும் என்பது நம் நோக்கமன்று. இது சாட்சிக் கட்டுரையும் அன்று. ஆனால் காயப்பட்ட ஒருவரைக் காயப்பட்டவர்களின் நடுவே பணிசெய்ய வைக்கும் ஒரு கரத்தை, விசுவாசக் கண்ணுள்ளவர்கள் காணாதிருக்கமுடியாது.

காலம் திருப்பிக் கொடுத்தது

1988-ஆம் ஆண்டில், இருபது ஆண்டுகளுக்குப்பின், அவர் மீண்டும் மேடையேறி வாசித்தார். அதே ஆண்டில் தாயார் மோனா காலமானார். 1995-இல் பீட்டில்ஸ் குழுவின் பழைய ஒலிப்பதிவுகள் தொகுப்பாக வெளியிடப்பட்டபோது, அவர் வாசித்த சில பாடல்களும் அதில் இடம்பெற்றன. முப்பத்துமூன்று ஆண்டுகள் கழித்து, அவருடைய உழைப்புக்குப் பெருந்தொகை அவர் கைக்கு வந்துசேர்ந்தது. ஆனாலும் அந்தத் தொகுப்பின் அட்டையில் ஒரு பழைய புகைப்படம் கிழிக்கப்பட்டு, அவருடைய முகம் இருந்த இடத்தில் ரிங்கோவின் முகம் வைக்கப்பட்டிருந்தது. பணம் வந்தது, முகம் வரவில்லை. 2008-இல் அவருடைய குழு ஓர் இசைத்தொகுப்பை வெளியிட்டது. கிழிக்கப்பட்ட அந்தத் துண்டையே அதன் அட்டையாக வைத்தார்கள். அதில் கோபத்தைவிடப் புன்னகையே தெரிகிறது.

அவருடைய தாயாரின் காஸ்பா மன்றம் 2006-இல் பாதுகாக்கப்படவேண்டிய கட்டடமாக அறிவிக்கப்பட்டது. 2011-இல் லிவர்பூலில் ஒரு தெருவுக்கே அவருடைய பெயர் சூட்டப்பட்டது. 2025-ஆம் ஆண்டு ஏப்ரலில், தம் எண்பத்துமூன்றாம் வயதில், இசை நிகழ்ச்சிகளிலிருந்து அவர் ஓய்வு பெற்றார்.

உள்ளே இருந்தவர்களின் வாழ்வு எப்படியிருந்தது? மேலாளர் எப்ஸ்டீன் 1967-இல் முப்பத்திரண்டே வயதில் தூக்க மாத்திரைகளால் உயிரிழந்தார். குழு 1970-இல் உடைந்தது. நண்பர்கள் ஒருவர்மேல் ஒருவர் வழக்குத் தொடுத்தார்கள். லெனன் 1980-இல் தம் வீட்டு வாசலில் சுட்டுக்கொல்லப்பட்டார். பிறருடைய துயரத்தைக் காட்டி ஆறுதல் தேடுவதற்காக இதைச் சொல்லவில்லை. நாம் இழந்துவிட்டோம் என்று எண்ணி ஏங்கும் இடம், நாம் நினைக்கிறபடியே இருந்திருக்கும் என்று எவருக்கும் தெரியாது என்பதற்காகவே சொல்கிறோம். தம் குடும்பத்தையும் அமைதியான வாழ்வையும் எண்ணித் தாம் பாக்கியவான் என்றே பீட் பெஸ்ட் பேட்டிகளில் சொல்லிவந்திருக்கிறார். கசப்பு தம்மை ஆளவில்லை என்றும் சொல்லியிருக்கிறார்.

அவரை நீக்கிய விதத்தில் தாங்கள் கோழைகளாக நடந்துகொண்டதை லெனன் பின்னாளில் ஒப்புக்கொண்டார். நீக்கியது சரியா தவறா என்பது வேறு. நேரில் வந்து சொல்லாததே அவர்களை உறுத்தியது.

நம் சபைகளில்

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். நகரத்தில் ஒரு சபை வாடகை அறையில் பத்துப் பேரோடு தொடங்குகிறது. ஒரு சகோதரர் இரவு வேலை முடித்துத் தூங்காமல் வந்து டோலக் வாசிக்கிறார். மழைக்காலத்தில் பாயைச் சுருட்டி, தண்ணீரை வழித்து, ஆராதனைக்கு இடத்தை ஆயத்தம் செய்கிறார். சபை வளர்கிறது. கீபோர்டு வருகிறது, ரிதம் பேடு வருகிறது, இசைப்பள்ளியில் படித்த வாலிபர் வருகிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தச் சகோதரர் வந்து பார்க்கும்போது, அவர் அமரும் இடத்தில் வேறொருவர் அமர்ந்திருக்கிறார். எவரும் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் ஒன்றும் கேட்காமல் பின்வரிசையில் போய் அமருகிறார். சில மாதங்களில் பின்வரிசையிலும் அவர் இல்லை.

மாற்றம் தவறு என்று சொல்லவில்லை. தாளம் தவறினால் ஆராதனை தடுமாறும். திறமையுள்ளவர் வரத்தான் வேண்டும். ஆனால் போதகரோ, மூப்பரோ, இசைக்குழுத் தலைவரோ அவருடைய வீட்டுக்குச் சென்று, அவருடைய மனைவி பிள்ளைகளின் முன்னிலையில் அவருடைய உழைப்புக்கு நன்றி சொல்லி, காரணத்தை அன்போடு விளக்கி, இனி அவர் செய்யவேண்டிய ஊழியம் இன்னதென்று கேட்டுப் பேசுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு மாலைப்பொழுது போதும். பீட்டில்ஸ் அந்த ஒரு மாலைப்பொழுதைக் கொடுக்கவில்லை. உலகத்தார் கொடுக்கமாட்டார்கள். 2020-ஆம் ஆண்டு ஊரடங்கு நாட்களில், எத்தனையோ பேருக்கு ஒரே ஒரு தொலைபேசி அழைப்பில் வேலை போனதைக் கண்டோம். சபையும் அப்படியே செய்தால், சபைக்கும் உலகத்துக்கும் வித்தியாசம் என்ன?

ஒதுக்கப்பட்டு இதை வாசிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அப்போஸ்தலருடைய நடபடிகளின் முதலாம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். யூதாசின் இடத்துக்கு இருவர் நிறுத்தப்பட்டார்கள்: ஒருவர் பர்சபா எனப்பட்ட யோசேப்பு, மற்றவர் மத்தியா. யோவானின் ஞானஸ்நானம் முதல் ஆண்டவர் பரமேறிய நாள்வரை இருவருமே உடனிருந்தவர்கள். தகுதியில் குறைவில்லை. சீட்டு மத்தியாவின்மேல் விழுந்தது. யோசேப்பைப் பற்றி வேதம் அதன்பின் ஒன்றும் சொல்வதில்லை.

ஆனால் பக்கத்தைத் திருப்புங்கள். அடுத்த அதிகாரம் பெந்தெகொஸ்தே நாள். எல்லாரும் ஓரிடத்தில் கூடியிருந்தார்கள். அக்கினிமயமான நாவுகள் ஒவ்வொருவர்மேலும் அமர்ந்தன. எல்லாரும் பரிசுத்த ஆவியினால் நிரப்பப்பட்டார்கள். சீட்டு விழுந்தவர் யார், விழாதவர் யார் என்று அந்த அக்கினி கேட்கவில்லை. பதவிக்குச் சீட்டு உண்டு. அபிஷேகத்துக்குச் சீட்டு இல்லை. யோசேப்பு மனம் கசந்து, மேல்வீட்டை விட்டு இறங்கிப் போயிருந்தால் எதை இழந்திருப்பார் என்று யோசித்துப்பாருங்கள்.

ஆகையால் பிரியமான சகோதரனே, சகோதரியே, மேல்வீட்டை விட்டு இறங்கிப் போகாதிருங்கள். உங்கள் பெயர் விளம்பரத் தாளில் இல்லாமல் போகலாம். உங்கள் முகம் புகைப்படத்திலிருந்து கிழிக்கப்பட்டிருக்கலாம். உங்களை அழைத்தவர் உங்கள் பெயரை அறிந்திருக்கிறார். உங்கள் கண்ணீரினால் மட்டுமே தேற்றக்கூடிய ஒருவரை, ஏதோ ஒரு மேசைக்கு எதிரே அவர் கொண்டுவந்து நிறுத்துவார்.

குடும்பமாய்ச் சிந்திக்க

1. நம் சபையின் ஆரம்ப நாட்களில் உழைத்து, இன்று காணப்படாதவர்கள் யார்? இந்த மாதத்தில் அவர்களில் ஒருவருடைய வீட்டுக்குக் குடும்பமாகச் செல்ல முடியுமா?

2. பிறரை ஒரு பொறுப்பிலிருந்து மாற்றவேண்டிய நிலையில் நாம் இருந்தால், அதை நேரில், அன்போடு, காரணத்தோடு சொன்னோமா?

3. நம்மை ஒதுக்கியவர்களைப் பற்றி நம் பிள்ளைகளின் முன்பாக எப்படிப் பேசுகிறோம்?

ஜெபம்: அன்பின் பரலோக பிதாவே, மனுஷர் எங்களை மறந்தாலும் நீர் மறவாதிருப்பதற்காக ஸ்தோத்திரம். ஒதுக்கப்பட்ட நாளில் கசப்பின் வேர் எங்களுக்குள் முளைக்காதபடி காத்தருளும். பிறரை ஒதுக்கின குற்றம் எங்களிடத்தில் இருந்தால் மன்னித்து, அவர்களைத் தேடிச்செல்லும் தாழ்மையைத் தாரும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம். ஆமென்.